ஸ்னோமொபைல் பாதைப் பலகைகளும் பத்திரமான ஓட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் தடவை ஸ்னோமொபைல், அதாவது பனிமேல் ஓடும் சிறு எஞ்சின் வண்டி, எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகளும், சில பருவங்கள் ஓட்டியவர்களுக்கும் குழப்பம் தரும் கேள்விகளும் இங்கே இருக்கின்றன. சட்டம் மாகாணத்துக்கு மாகாணம், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பலகைகளின் நிறமும் வடிவமும் வட அமெரிக்கா முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான்.

கார் ஓட்டத் தெரியும், சாலைப் பலகைகளும் தெரியும். இதைத் தனியாகப் படிக்க வேண்டுமா?

பாதி தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு எண்கோணம் என்றால் நில். மஞ்சள் சாய்சதுரம் என்றால் எச்சரிக்கை. சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு என்றால் கூடாது. இவையெல்லாம் சாலையிலிருந்து அப்படியே வந்தவை.

மாறுவது சுற்றுப்புறம். நெடுஞ்சாலையில் பலகை பெரிதாக, உயரமாக நிற்கும். காட்டுப்பாதையில் அதே செய்தி ஒரு சின்னத் தகட்டில், மரக்கம்பு ஒன்றில், சில இடங்களில் இடுப்புயரத்தில்தான் இருக்கும். இரண்டு நாள் காற்றோடு பனி பெய்தால் கம்பு பாதி புதைந்துபோகும், தகட்டின் முகத்தில் பனி அப்பிக்கொள்ளும். எழுத்தைப் படித்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தால் பலகையைத் தாண்டிப் போயிருப்பீர்கள். வடிவத்தையும் நிறத்தையும் பார்த்த உடனே கை த்ராட்டிலை (வேகம் கூட்டும் பிடியை)த் தளர்த்தப் பழக வேண்டும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் பலகைகள் பிரெஞ்சில் இருக்கும், ஆனால் எண்கோணம் அங்கேயும் எண்கோணம்தான்.

நிறங்களை எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?

சிவப்பு கட்டளை: நில், நுழையாதே, மூடியிருக்கிறது. மஞ்சள் எச்சரிக்கை: வளைவு, மேடு, பாலம், சந்திப்பு, முன்னால் நிறுத்தப் பலகை. நீலம் வசதி: பெட்ரோல், சாப்பாடு, தங்குமிடம். பச்சை வட்டத்துக்குள் ஒரு வண்டியின் படம் இருந்தால் அந்த வண்டிக்கு அனுமதி உண்டு என்று பொருள். பழுப்பு நிறம் அமெரிக்கப் பக்கம் பூங்கா, காட்சியிடம் போன்றவற்றுக்கு வரும். இதற்கு மேல் மனப்பாடம் தேவையில்லை.

மரங்களில் அடித்திருக்கும் சிறிய ஆரஞ்சுத் தகடுகள் எதற்கு?

நீங்கள் இன்னும் பாதையில்தான் இருக்கிறீர்கள் என்று சொல்வதற்கு. வெறும் ஆரஞ்சு, எழுத்து எதுவும் இருக்காது, ஒளியடித்தால் மின்னும். புதிதாக ஓட்டுபவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. வெட்டவெளியில் பனிக்காற்று அடிக்கும்போதுதான் இதன் அருமை தெரியும். வானமும் தரையும் ஒரே வெள்ளையாகி, முன்னால் போன வண்டியின் தடம் நிமிடங்களில் மூடிப்போகும். அப்போது ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டைத் தேடி நகர்வதுதான் ஒரே வழி.

கொஞ்ச நேரமாக ஆரஞ்சே கண்ணில் படவில்லை என்றால் தடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். தனியார் ஆள் ஒருவர் தன் வேட்டைக் குடிசைக்குப் போன தடத்தைப் பாதை என்று நினைத்துப் பின்தொடர்வது அடிக்கடி நடக்கும். தொடர்ந்து முன்னால் போய்ப் பார்க்கலாம் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு, வந்த தடத்திலேயே கடைசித் தகடு வரை திரும்புங்கள்.

மஞ்சளும் கறுப்பும் சாய்வு வரிகளாக இருக்கும் பலகை?

தடை ஒன்று பாதையை ஒட்டியே இருக்கிறது என்று பொருள். பாலத்தின் கைப்பிடிச் சுவர், வேலிக் கதவின் தூண், பாறை, மின்கம்பத்தைத் தாங்கும் கம்பி என எதுவாகவும் இருக்கலாம். வரிகள் எந்தப் பக்கமாகக் கீழே இறங்குகின்றனவோ அந்தப் பக்கமாகக் கடந்து போக வேண்டும். வரி இடமிருந்து வலமாகச் சரிந்தால் பலகைக்கு வலப்புறம் போங்கள். இருபுறமும் ஒவ்வொன்று, உள்நோக்கிச் சரியும் வரிகளோடு இருந்தால் நடுவில் குறுகலான வழி, பெரும்பாலும் பாலம். அங்கே எதிரே வண்டி வந்தால் ஒருவர் நின்றுதான் ஆக வேண்டும்; நீங்களே நின்றுவிடுவது வசதி.

ஒரு இடத்தில் பலகையே இல்லை என்றால் அங்கே ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படித்துவிட்டுப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பலகைகளை நடுபவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க் கழகங்களின் தன்னார்வலர்கள். பருவம் தொடங்கும் முன், தரை தெரியும்போதே பலவற்றை நட்டுவிடுவார்கள். அன்று அவர்களுக்குத் தெரிந்ததைத்தான் பலகை சொல்லும்: இங்கே வளைவு இருக்கிறது, அங்கே சாலை குறுக்கிடுகிறது. நேற்று இரவு விழுந்த மரம் அவர்களுக்குத் தெரியாது. இரண்டு நாள் வெயிலில் ஓடை அரித்த பள்ளமும், ஒரு மணி நேரத்துக்கு முன் வளைவுக்குப் பின்னால் பழுதாகி நின்ற வண்டியும் பலகைக்குத் தெரியாது. இருந்த பலகையையே ஒருவர் இடித்துச் சாய்த்திருக்கலாம், வேறொருவர் நினைவுப் பொருளாகக் கழற்றிக்கொண்டு போயிருக்கலாம். இது நடக்கிறது, கேவலமான பழக்கம்.

அதனால் பலகையை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாமல், பாதையை அறிந்த ஒருவர் விட்டுப்போன குறிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பில் இல்லாததைப் பார்ப்பது உங்கள் கண். பார்த்துவிட்டு நிற்பதற்கு நேரம் கொடுப்பது உங்கள் வேகம். கீழே வரும் பதில்களில் பாதி இந்த நேரத்தைப் பற்றியதுதான்.

சந்திப்புகளில் எழுத்தும் எண்ணும் போட்டிருக்கிறார்களே?

அவை பாதையின் பெயர். ஒன்டாரியோவில் மாகாணத்தின் முக்கிய நெடும்பாதைகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகள், மற்றவற்றுக்குப் பெரும்பாலும் எண்கள். ஒன்டாரியோ ஸ்னோமொபைல் கழகங்களின் கூட்டமைப்புக்குக் கீழ் ஏறக்குறைய 30,000 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. அவ்வளவு பெரிய வலையில் பெயர் இல்லாமல் வழி கண்டுபிடிக்க முடியாது.

வழி கண்டுபிடிப்பதை விட முக்கியமான பயன் ஒன்று உண்டு. விபத்து நடந்து உதவிக்கு அழைக்கும்போது, ‘காட்டுக்குள்ளே ஒரு வளைவில்’ என்று சொன்னால் யாராலும் வர முடியாது. ‘இந்தப் பாதை எண்ணில், இந்தச் சந்திப்பைத் தாண்டி வடக்கே’ என்று சொன்னால் வரலாம். ஒவ்வொரு சந்திப்பிலும் பெயரை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள், ஹெல்மெட்டுக்குள் யாருக்கும் கேட்காது. வரைபடத்தைக் கைபேசியில் முன்கூட்டியே இறக்கி வைப்பதும் நல்லது. காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

எவ்வளவு வேகத்தில் போகலாம்?

ஒன்டாரியோ சட்டப்படி பாதைகளில் அதிகபட்சம் மணிக்கு 50 கிலோமீட்டர். கார்களுக்கே 50 அல்லது அதற்குக் கீழ் வரம்பு உள்ள சாலைகளிலும் பொதுப் பூங்காக்களிலும் 20 தான். கியூபெக்கில் பாதை வரம்பு 70. அமெரிக்காவின் மினசோட்டாவில் மணிக்கு 50 மைல், நியூயார்க் மாநிலத்தில் 55 மைல். கிலோமீட்டரில் இவை முறையே 80, 88 சொச்சம்.

இவை உச்ச வரம்புகள். இன்றைய வண்டிகள் இவற்றைத் தாண்டி அனாயாசமாகப் போகும், அங்கேதான் சிக்கலே. வண்டி தடுமாறாமல் ஓடுவதால் வேகம் உடம்பில் உறைக்காது. ஒரு சின்னக் கணக்கு: மணிக்கு 50 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 14 மீட்டர். ஆபத்தைப் பார்த்து மூளை புரிந்துகொண்டு விரல் பிரேக்கை அழுத்த ஒன்றரை நொடி என்று வைத்தால், அதற்குள் 21 மீட்டர் போய்விடும். 80 என்றால் 33 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு பனியில் சறுக்கிப் போகும் தூரம் இதற்கு மேல் தனிக் கணக்கு. இறுகிய பனியில் ஒரு மாதிரி, ஐஸாக உறைந்த வளைவில் வேறு மாதிரி.

அப்புறம், வளைவில் ஸ்னோமொபைல் காரைப் போல நடந்துகொள்ளாது. முன்னால் சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் இரண்டு சறுக்குத் தகடுகள், அதாவது ஸ்கீக்கள், பனியைக் கடித்தால்தான் திரும்பும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பயந்து பிரேக்கை இறுக்கினால் பின்னால் இருக்கும் டிராக் (வண்டியைத் தள்ளும் சுழல்பட்டை) பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் இழுக்கும். த்ராட்டிலை அதிகம் கொடுத்தால் எடை பின்னுக்குப் போய் ஸ்கீ பிடிமானம் இழந்து நேராகவே போகும், எதிர்த் தடத்துக்குள். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட்டு, உடம்பை உள்பக்கம் சாய்த்து, மெல்ல த்ராட்டில் கொடுத்து வெளியேறுவதே முறை. மஞ்சள் வளைவுப் பலகை வளைவுக்கு வெகு முன்னால் நிற்பதன் காரணமும் இதுதான்.

இரவில் ஓட்டலாமா?

ஓட்டலாம், பலருக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் முன்விளக்கின் பயனுள்ள வெளிச்சம் சுமார் 60 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 80 கிலோமீட்டர் வேகத்தில் அதை மூன்று நொடிக்குள் தாண்டிவிடுவீர்கள். வெளிச்சத்துக்குள் நிற்க முடியாத வேகம் என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவதாகத்தான் பொருள். விஸ்கான்சின் மாநிலம் இருட்டு நேரத்துக்கென்றே 55 மைல் வரம்பு வைத்திருக்கிறது. காட்டுப்பாதையில் அதுவே மிக அதிகம்.

இரவில் முகக்கண்ணாடி ஆவி படிந்து மங்குவதும் தொல்லை. மூச்சு மேலே ஏறாமல் தடுக்கும் உறையும், இரட்டைக் கண்ணாடி அல்லது சூடேற்றும் கண்ணாடியும் கைகொடுக்கும். மங்கிய கண்ணாடியை உயர்த்திவிட்டு உறைகாற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஓட்டுவது ஆபத்து. நின்று துடைத்துவிட்டுப் போங்கள்.

சாலையைக் கடக்கும் இடத்தில் என்ன செய்ய வேண்டும்?

முழுதாக நிற்க வேண்டும். உருட்டிக்கொண்டே எட்டிப் பார்ப்பது நிற்பது ஆகாது.

பனி அகற்றும் லாரி சாலையோரம் தள்ளிய பனிமேடு உங்கள் தோள் உயரம் இருக்கலாம். அதற்குப் பின்னால் வரும் கார் தெரியாது. ஹெல்மெட், எஞ்சின் சத்தம் இரண்டுக்கும் நடுவே கேட்கவும் கேட்காது. தேவைப்பட்டால் எழுந்து நின்று, முகக்கண்ணாடியை உயர்த்தி இருபுறமும் பாருங்கள். பிறகு சாலைக்குச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சாலை மேல் இருக்கும் நேரம் கூடும். போதாததற்குத் தாரில் ஸ்கீக்கள் கடிக்காது, திருப்பினாலும் திரும்பாது.

குழுவாகப் போகிறவர்கள் இங்கே செய்யும் தவறு ஒன்று உண்டு. முன்னால் கடந்தவர் திரும்பி, பின்னால் இருப்பவரை ‘வா, வா’ என்று கையசைப்பார். நல்லெண்ணம்தான். ஆனால் அவர் சொன்ன நேரத்துக்கும் மற்றவர் கிளம்பும் நேரத்துக்கும் இடையில் கார் வந்துவிடும். ஒவ்வொருவரும் தானே நின்று, தானே பார்த்து, தனித்தனியாகக் கடக்க வேண்டும். ரயில் பாதைக் கடப்புகளிலும் இதேதான். தண்டவாளத்தின் மேல் நீளவாக்கில் ஓட்டுவது சட்டவிரோதம் மட்டுமல்ல, ரயில் வருவது உங்களுக்குக் கேட்கவே கேட்காது.

கைச் சைகைகள் ஏன் எல்லாமே இடக்கையால்?

வலக்கைக் கட்டைவிரல் த்ராட்டிலில் இருக்கிறது, அதனால். இடக்கையால் செய்வன இவை:

நிற்கப் போகிறேன்: கையை நேராகத் தலைக்கு மேலே உயர்த்துவது.
இடப்புறம் திரும்புகிறேன்: கையைப் பக்கவாட்டில் நேராக நீட்டுவது.
வலப்புறம் திரும்புகிறேன்: முழங்கையை மடக்கி முன்கையை மேல்நோக்கி நிறுத்துவது.
வேகம் குறைக்கிறேன்: கையைப் பக்கவாட்டில் சற்றுக் கீழே நீட்டி, மேலும் கீழும் அசைப்பது.
எதிரே வண்டிகள் வருகின்றன: உயர்த்திய கையைத் தலைக்கு மேலாக வலப்புறம் காட்டுவது. பின்னால் வருபவர் வலது ஓரம் ஒதுங்க வேண்டும் என்று பொருள்.
எனக்குப் பின்னால் இன்னும் வண்டிகள் உண்டு: கட்டைவிரலைப் பின்னோக்கிக் காட்டித் தோளுக்கு மேல் அசைப்பது.
நான்தான் கடைசி: மூடிய முட்டியை உயர்த்திக் காட்டுவது.

கடைசி இரண்டும் எதிரே வருபவருக்கானவை. அவற்றை முழுதாக நம்பிவிடாதீர்கள். ‘கடைசி’ என்று முட்டி காட்டியவருக்குப் பின்னால் அவருக்கே தெரியாத வேறொரு குழு வந்துகொண்டிருக்கலாம். இன்னொன்று, குறுகலான வளைவில் எதிரே வண்டி வரும்போது ஒரு கையை எடுத்துச் சைகை காட்டுவதை விட, இரண்டு கைகளாலும் ஹேண்டிலைப் பிடித்து வலது ஓரத்தில் நிற்பதே மேல். சைகை காட்டாததற்கு யாரும் கோபிக்க மாட்டார்கள்.

குழுவாகப் போகும்போது யார் முன்னால், யார் பின்னால்?

வழி தெரிந்த, நிதானமானவர் முன்னால். மிகப் புதியவர் அவருக்கு அடுத்து. கருவிப் பையும் அனுபவமும் உள்ளவர் கடைசியில். புதியவரைக் கடைசியில் விட்டால், முன்னால் போகிறவர்களை எட்டிப் பிடிக்க அவர் தன் திறமைக்கு மீறிய வேகத்தில் ஓட்டுவார். அவர் விழுந்ததை யாரும் பார்க்கவும் மாட்டார்கள்.

இடைவெளி தாராளமாக வேண்டும். முன்வண்டி கிளப்பும் பனித்தூள் கண்ணை மறைத்தால் அந்த இடைவெளி போதவில்லை என்று பொருள். ஒவ்வொரு சந்திப்பிலும் பின்னால் வருபவர் உங்களைப் பார்க்கும் வரை காத்திருங்கள். இந்த ஒரு விதியை எல்லோரும் பிடித்தால் யாரும் தொலைய மாட்டார்கள். நிற்கும்போது வளைவிலும் மேட்டு முகட்டிலும் நிற்காமல், நேரான இடமாகப் பார்த்து வலது ஓரத்தில் ஒரே வரிசையில் நிறுத்துங்கள். வண்டிகளை அணிவகுத்துவிட்டு ஆட்கள் பாதை நடுவில் நின்று படம் எடுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்கும்.

க்ரூமர் வந்தால்?

க்ரூமர் என்பது பாதையைச் சமன் செய்யும் டிராக்டர் போன்ற பெரிய இயந்திரம், பின்னால் நீளமான சமன்தகடு ஒன்றை இழுத்துக்கொண்டு வரும். பாதையின் அகலம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும். இரவில்தான் அதிகம் வேலை செய்யும், காரணம் குளிரில் பனி இறுகிப் பிடிக்கும், போக்குவரத்தும் குறைவு. மின்னும் மஞ்சள் விளக்கைப் பார்த்ததும் வலது ஓரம் ஒதுங்கி நின்றுவிடுங்கள். எதிரே வந்தால் அது கடக்கட்டும். பின்னாலிருந்து முந்த வேண்டுமென்றால் ஓட்டுநர் உங்களைப் பார்த்துவிட்டார், வழி விடுகிறார் என்று உறுதியான பிறகு மெதுவாக.

புதிதாகச் சமன் செய்த பாதை உறைந்து இறுகச் சில மணி நேரம் வேண்டும். அதற்குள் பத்து வண்டிகள் வேகமாக ஓடினால் அந்த இரவு வேலை வீண்.

ஏரி மேல் கம்புகள் நட்டு வழி போட்டிருக்கிறார்கள். அங்கே ஐஸ் பத்திரம்தானே?

கம்புகள் நட்ட அன்று அந்த வழியை யாரோ சோதித்திருக்கிறார்கள் என்பது மட்டும் உண்மை. இன்றைய நிலைக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

தடிமன் கணக்குகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. மினசோட்டாவின் இயற்கை வளத் துறை ஸ்னோமொபைலுக்கு 5 முதல் 7 அங்குலம் புதிய தெளிந்த ஐஸ் என்று நெடுங்காலம் சொல்லிவந்தது, அதாவது 13 முதல் 18 சென்டிமீட்டர். கனடிய செஞ்சிலுவைச் சங்கம் 25 சென்டிமீட்டர் என்கிறது. இரண்டில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் தெளிந்த, நீலம் பாய்ந்த ஐஸுக்கான கணக்கு. பனி உருகி மறுபடி உறைந்த வெள்ளை ஐஸுக்குப் பாதி வலுதான், அதனால் இரட்டிப்புத் தடிமன் வேண்டும். சாம்பல் நிறமாக இருந்தால் உள்ளே நீர் ஊறியிருக்கிறது, பக்கத்தில் போக வேண்டாம்.

ஒரே ஏரியில் ஓரிடத்தில் 40 சென்டிமீட்டரும் அங்கிருந்து சில பத்து மீட்டர் தள்ளி 8 சென்டிமீட்டரும் இருக்கலாம். ஓடை வந்து சேரும் வாய், இரண்டு தீவுகளுக்கு நடுவிலான குறுகல், பாலத்தின் அடி, ஊற்று இருக்கும் இடம், படகுத்துறையைக் காக்கக் காற்றுக்குமிழ் விடும் இடம் எல்லாம் மெல்லியவை. நீரோட்டம் உள்ள ஆறு எப்போதுமே சந்தேகத்துக்குரியது. மேலே கிடக்கும் பனி ஒரு போர்வையைப் போலக் குளிரைத் தடுப்பதால், கனத்த பனிக்குக் கீழே ஐஸ் மெதுவாகத்தான் வளரும். வழுவழுப்பான ஐஸில் வேறு சங்கடமும் உண்டு. தூள்பனி இல்லாவிட்டால் டிராக்குக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பட்டைகளும் எஞ்சினும் குளிர வழியில்லாமல் சூடேறும்.

கம்பு வரிசையை விட்டு விலகாதீர்கள். குறுக்கு வழி என்று தோன்றும் இடத்தில்தான் யாரும் சோதிக்காத ஐஸ் இருக்கும். சுற்றிப் போகத் தரைவழி இருந்தால் அதையே எடுங்கள்.

ஐஸ் உடைந்து தண்ணீரில் விழுந்துவிட்டால்?

மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் மனித உடம்பு என்ன ஆகிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. முதல் 1 நிமிடம் மூச்சை அடக்கிக்கொண்டு வர: விழுந்ததும் தன்னறியாமல் மூச்சு இரைக்கும், பதறாமல் இருந்தால் அடங்கும். அடுத்த 10 நிமிடம் கை கால்கள் சொன்னபடி கேட்கும், வெளியே வருவதை அதற்குள் செய்ய வேண்டும். ஏறக்குறைய 1 மணி நேரம் வரை நினைவு தப்பாது. குளிர்ந்து செத்துவிடுவோம் என்ற பீதியில் முதல் நிமிடத்திலேயே தண்ணீர் குடித்துவிடுவதுதான் பெரிய ஆபத்து.

வந்த திசைக்கே திரும்புங்கள், அந்தப் பக்க ஐஸ்தான் இதுவரை உங்களைத் தாங்கியது. கழுத்தில் தொங்கும் ஐஸ் குத்தூசிகளை இரு கைகளிலும் எடுத்துப் பரப்பில் குத்தி, கால்களை நீச்சல் போல உதைத்து, உடம்பைப் படுக்கைவாக்கில் மேலே இழுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காதீர்கள். உருண்டு விலகுங்கள். குத்தூசிகளை வண்டிப் பெட்டியில் வைத்திருந்தால் அவை வண்டியோடு மூழ்கிவிடும். மேல்சட்டைக்கு வெளியே இருக்க வேண்டும். ஏரிகளை அடிக்கடி கடப்பவர்கள் மிதக்கும் உடுப்பு வாங்குவது, வண்டிக்கு அலங்காரம் வாங்குவதை விட நல்ல செலவு.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துச் செல்வது?

வெளியில் −15 பாகை என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு அது −29 போல உறைக்கும். உள்ளே வியர்வையை வெளியேற்றும் துணி, நடுவில் கம்பளி அல்லது ஃப்ளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத உடை. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. நீளமான மஃப்ளரைத் தொங்கவிடாதீர்கள், டிராக்கில் சிக்கும். கன்னமோ மூக்கோ வெளுத்து மரத்துப்போனால் தேய்க்கக் கூடாது, வெறும் உள்ளங்கையால் பொத்தி மெல்லச் சூடேற்றுங்கள்.

பையில் டிரைவ் பெல்ட் (எஞ்சின் விசையை டிராக்குக்குக் கடத்தும் வார்) ஒன்று, கருவிகள், இழுவைக் கயிறு, தீப்பெட்டி, டார்ச், விசில், முதலுதவி, கொஞ்சம் சாப்பாடு. கைபேசி உள்பையில், உடம்பை ஒட்டி இருக்கட்டும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். வண்டியிலிருந்து விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு ஒன்று இருக்கும். அதை உடையில் மாட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவதற்குச் செலவே இல்லை.

நடுவழியில் சாப்பிடப் போகும் இடத்தில் ஒரு பியர் குடிக்கலாமா?

வேண்டாம். ஒன்டாரியோவில் காருக்கு உள்ள குடிபோதைச் சட்டங்கள் ஸ்னோமொபைலுக்கும் பொருந்தும், கார் லைசென்சே பறிபோகும். சட்டத்தை விடுங்கள், மது உடம்புச் சூட்டை வேகமாக இழக்கச் செய்யும். சூடாக இருப்பதாகத் தோன்றுவது வெறும் தோற்றம். ஐஸின் மேல் இரவில் திரும்பும்போது அது உயிரோடு விளையாடும். கஞ்சாவுக்கும் இதே பதில்.

யார் யார் ஓட்டலாம்? என்ன காகிதம் வேண்டும்?

ஒன்டாரியோவில் 12 வயது நிறைந்தவர், கார் லைசென்ஸ் அல்லது ஸ்னோமொபைல் ஓட்டுநர் லைசென்ஸ் இருந்தால் பாதைகளில் ஓட்டலாம். அனுமதியுள்ள சாலையோரம் ஓட்டவும், சாலையைக் குறுக்கே கடக்கவும் 16 வயது ஆகியிருக்க வேண்டும். பெற்றோர்கள் மறக்கும் இடம் இது: பாதை சாலையைக் கடக்கிறது என்றால் 13 வயதுப் பிள்ளையால் அதற்கு மேல் ஓட்டிப் போக முடியாது. வண்டிப் பதிவு, காப்பீடு, பாதை அனுமதிச் சீட்டு, ஹெல்மெட் நான்கும் வேண்டும். வாடகை வண்டியில் இவற்றில் எது அடக்கம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பக்கத்தில் அழகான வெள்ளை வயல் இருக்கிறது. கொஞ்சம் இறங்கி ஓட்டினால் என்ன?

அது யாரோ ஒருவரின் நிலம். ஒன்டாரியோவில் பாதைகளின் பெரும்பகுதி நில உரிமையாளர்கள் மனமுவந்து விட்ட வழியில்தான் போகிறது. ஒருவர் இறங்கி நான்கு சுற்றுச் சுற்றினால், அடுத்த ஆண்டு உரிமையாளர் வேலியை மூடிவிடுவார், 20 கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டியிருக்கும். போதாததற்குப் பனிக்குக் கீழே வேலிக் கம்பியும் கல்லும் புதைந்திருக்கும்.

மலைப்பகுதியிலும் இதே விதிகள் போதுமா?

போதாது. பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்டா போன்ற இடங்களில் பாதையை விட்டு மலைச்சரிவில் ஏறினால், பலகை எதுவும் உங்களோடு வராது. அங்கே முதல் ஆபத்து பனிச்சரிவு. 30 முதல் 45 பாகை வரையான சரிவுகளில் அது அதிகம். ஒவ்வொருவரிடமும், பனிக்குள் புதைந்தவரைக் கண்டுபிடிக்கச் சிக்னல் அனுப்பும் கருவி, துழாவும் கம்பு, மண்வாரி மூன்றும் வேண்டும். ஒருவர் சரிவில் ஏறும்போது மற்றவர்கள் கீழே நிற்கக் கூடாது. பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போகாமல் இதில் இறங்காதீர்கள், படித்து மட்டும் வராது.

பாதை திறந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒன்டாரியோ கூட்டமைப்பின் இணைய வரைபடத்தில் பச்சை என்றால் திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் ஓட்டலாம் ஆனால் நிலை சுமார், சிவப்பு என்றால் மூடல். கிளம்பும் அன்று காலையிலேயே பாருங்கள், நேற்றைய பச்சை இன்று சிவப்பாகலாம். சிவப்புப் பாதையில் யாரோ ஓட்டிய புதுத் தடம் தெரிந்தாலும் அது அனுமதி ஆகாது. மூடியதற்கு ஐஸ் உருகியது, பாலம் உடைந்தது, உரிமையாளர் மறுத்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

பலகை ஒன்று விழுந்து கிடப்பதைப் பார்த்தால் நானே நட்டுவிடலாமா?

நல்ல எண்ணம்தான், ஆனால் வேண்டாம். அது எங்கே, எந்தத் திசை பார்த்து நின்றது என்று உங்களுக்குத் தெரியாது. வளைவுப் பலகையைத் தவறான பக்கம் காட்டும்படி நட்டால், பலகை இல்லாததை விட மோசம். பாதையில் குறுக்கே கிடந்தால் ஓரமாக எடுத்து வையுங்கள். படம் ஒன்று எடுத்து, பாதை எண்ணையும் பக்கத்துச் சந்திப்பையும் குறித்து, அந்தப் பகுதிக் கழகத்துக்கு அனுப்பிவிடுங்கள். அவர்கள் வந்து நடுவார்கள்.